கேரியர் இல்லாத சைக்கிள்

1

இந்தக் கதை ஒரு பஞ்சரில் தொடங்கியது. என் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒட்டக் கொடுத்துவிட்டுக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். புதுச் சைக்கிள்கள் நிற்கும் பக்கத்தில் ஒரு கணவன், மனைவி. கடைக்காரர் நாடாவை எடுத்து மனைவியின் கால் உயரத்தை அளந்தார். நெட்டையான கணவன் முகம் சுருங்கிப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா எந்தச் சைக்கிளிலும் ஏறிப் பார்க்கவில்லை. ஹேண்டில் பாரைக்கூட, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி விரல் நுனியால் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

என் டியூப் ஒட்டி முடிந்தது, வந்துவிட்டேன். நான் கண்டது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"விடியற்காலை மூடுபனியைக் கிழித்துக்கொண்டு ஒரு சைக்கிள் மணி" (நிறுத்திவிட்டேன். கதை நடக்கிற ஊரில் மூடுபனி உண்டா என்று எனக்கே தெரியாது.)

"விலைவாசி விண்ணை முட்டும் இக்காலகட்டத்தில்" (இது கட்டுரைப் போட்டிக்குப் போகட்டும்.)

"அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது, ஆனால் கம்பெனியின் சைக்கிள் திட்டத்தில் முதலில் பெயர் கொடுத்தது அவள்தான்."

இது நிற்கிறது. இதிலேயே ஏறிக்கொள்வோம்.

3

அவளுக்கு மூக்குக்கண்ணாடி தயாரிக்கும் இடத்தில் வேலை. வெட்டி வந்த லென்ஸை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாள். மயிரிழைக் கீறலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அங்கே எல்லோருக்கும் அவள் லென்ஸ் அக்கா.

கணவன் பார்சல் குடோனில் வண்டிகளில் சரக்கு ஏற்றுகிறவன். அந்தப் பக்கம் போன பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நடந்து போகிறான், தாமதமாகிறது. இன்னொரு முறை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேஸ்திரி சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய கம்பெனியில் திட்டம் வந்தது. சைக்கிளைக் கம்பெனியே வாங்கித் தரும். விலையை மாதாமாதம் சம்பளத்தில், வரி பிடிப்பதற்கு முன்பே கழித்துக்கொள்ளும். அந்த அளவுக்கு வரி மிச்சம். மொத்தத்தில் முக்கால் விலைக்குச் சைக்கிள். கடைசித் தவணை வரை அது கம்பெனியின் சொத்து. ஒரே ஒரு நிபந்தனை: தொழிலாளி வேலைக்கு வந்து போகத்தான் அது பெரும்பாலும் பயன்பட வேண்டும்.

"என் பேர்ல வாங்கிடலாம். நீங்க ஓட்டுங்க" என்றாள் அவள்.

"கேட்டா?"

"யார் கேக்கப் போறாங்க?"

(இந்த மாதிரி வசனம் எழுதும்போதே எனக்குத் தெரிந்துவிடும், யாரோ கேட்கப் போகிறார்கள் என்று.)

கடையில் அளவு எடுத்தார்கள். திட்டத்தில் பெயர் கொடுத்தவருக்குத்தான் அளவு எடுப்பார்களாம். "இவருக்கு எடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை. விளைவு: ஓட்டத் தெரியாதவளுக்குக் கச்சிதமான சைக்கிள், ஓட்டத் தெரிந்தவனுக்கு முழங்கால் தாடையில் இடிக்கிற சைக்கிள்.

4

கணவனைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவனை எரிந்து விழுகிறவனாக எழுதினேன். "உனக்கெல்லாம் எதுக்குடி இந்த வேல" என்று தொடங்கி ஒரு பக்கம். படித்துப் பார்த்தேன். கடையில் நான் பார்த்த மனிதர் அப்படிப் பேசியிருக்க மாட்டார். அந்தப் பக்கத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு இதை எழுதினேன்:

சீட்டை ஆன மட்டும் உயர்த்தி, தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இறங்கினான்.

"எப்படி இருக்கு?"

"ஜோரா இருக்கு."

"தவளை மாதிரி இருக்கீங்க."

"தவள நேரத்துக்குப் போய்ச் சேருதா, இல்லையா? அதப் பாரு."

5

இங்கேதான் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். நான் செய்யச் சொல்லவில்லை. எழுதிக்கொண்டு போகையில் அவர்களாகச் செய்தது.

குடோனுக்குப் போகிற நேர்சாலை அவளுடைய கம்பெனி வாசல் வழியாகத்தான் போகிறது. "எங்க கேட் பக்கம் மட்டும் வந்துடாதீங்க. யாராவது பாத்துட்டா?" என்று அவள் கெஞ்சினாள். அவன் சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனான். சுற்றுவழியில், சைக்கிள் மிச்சம் பிடித்த நேரம் பாதிக்கு மேல் கரைந்தது. மேஸ்திரி மறுபடியும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

அவள் நேர்சாலையில் நடந்து போனாள். சைக்கிளோடு வந்த ஹெல்மெட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், வாசல் நெருங்கும் திருப்பத்தில் எடுத்து மாட்டிக்கொள்வாள். உள்ளே போனதும் கழற்றித் தலையைக் கோதிவிட்டுக்கொள்வாள், அவ்வளவு தூரம் மிதித்து வந்தவள் மாதிரி.

* ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நடக்கிறவரை யாராவது உற்றுப் பார்ப்பார்களா என்று என் தங்கையிடம் கேட்டேன். அவள்தான் என் முதல் வாசகி. "எல்லாரும் பார்ப்பாங்க அண்ணா" என்றாள். அதைக் குறித்துக்கொண்டேன்.

6

சம்பளக் கணக்கு பார்க்கிறவருக்கு அங்கே கால்குலேட்டர் என்று பெயர். ஒரு மதியம் அவர் வந்து சொன்னார்:

"அக்கா, வெள்ளிக்கிழமை சைக்கிளோட வந்துடுங்க. கடையிலேருந்து ஆள் வந்து எல்லா சைக்கிளுக்கும் பிரேக் பாக்கறாங்க. காசு கிடையாது."

அன்று மாலை கீறல் விழுந்த லென்ஸ் ஒன்றை அவள் தேறிய தட்டில் வைத்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் எடுத்துக் காட்டினாள். இத்தனை வருஷத்தில் அது முதல் முறை.

குட்டு உடைந்து சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டால் அவன் மறுபடி நடக்க வேண்டும். நடந்தால் வேலை போகும். இவள் வேலையும் என்னாகுமோ?

7

இங்கே எனக்கு மூன்று வழிகள் இருந்தன.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று லீவு போடலாம். (போட்டுப் பார்த்தேன். அடுத்த முறை பிரேக் பார்க்க ஆள் வந்தால் என்ன செய்வாள்?)

அதற்குள் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம். இதை உற்சாகமாகவே எழுதினேன்:

"விட்டுடாதீங்க."

"விடல."

"விட்டுட்டீங்க."

"புடிச்சுக்கிட்டுத்தான் ஓடி வர்றேன். பேசாம முன்னால பாரு."

"நின்னுக்கறேன், எப்படி நிக்கிறது" என்று கேட்டுக்கொண்டே அவள் ஒரு குப்பைத்தொட்டியில் போய் மோதி நின்றாள். முழங்கை சிராய்த்தது. அவன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பி நின்றுகொண்டான். "சிரிங்க, நல்லா சிரிங்க" என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். நல்ல காட்சிதான். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் அவள் கற்றுக்கொண்டாள் என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தது அவள். வியாழக்கிழமை, ஹெல்மெட்டும் கையுமாகக் கால்குலேட்டர் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"சார், சைக்கிளத் திருப்பிக் குடுத்துடறேன். எனக்கு ஓட்டத் தெரியாது."

"தெரியும்" என்றார் அவர்.

"இல்ல சார், தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்னு சொன்னேன். தினமும் ஹெல்மெட் போட்டுக்கிட்டு நடந்து வர்றீங்களே. நடக்கறதுக்கே இவ்வளவு ஜாக்கிரதையான்னு நெனச்சேன்."

அவள் தரையைப் பார்த்தாள்.

"யார் ஓட்டறாங்க?"

"வீட்டுக்காரர். பார்சல் குடோன்ல வேல."

"அவரு நம்ம கேட்டத் தாண்டித்தானே போகணும்?"

"சுத்திப் போறாரு சார்."

"எதுக்கு?"

"நீங்க பாத்துடுவீங்கன்னு."

கால்குலேட்டர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நீங்க வேலைக்கு வந்து போக சைக்கிள் பயன்படணும். கேக்கறது அவ்வளவுதான். அவரையே மிதிக்கச் சொல்லுங்க, நீங்க பின்னால உக்காந்து வாங்க. உங்கள எறக்கி விட்டுட்டு அவரு அப்படியே போகட்டும்."

"அதுல கேரியர் இல்ல சார். அவருக்கு அளவும் பத்தல."

"புதுசு தானே, கடையில மாத்திக் குடுப்பாங்க. பெரிய அளவா, கேரியர் வச்சதா கேளுங்க. இத மொதல்லயே கேட்டிருந்தா..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

அவள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். ஹெல்மெட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய், விளக்கைப் போட்டு, அடுத்த லென்ஸை எடுத்தாள்.

8

"இவ்வளவுதானா அண்ணா?" என்றாள் தங்கை. "அந்த ஆள் கொஞ்சமாவது மெரட்ட வேணாமா? கதைன்னா ஒரு வலு வேணாமா?"

மிரட்டுகிற மாதிரியும் எழுதி வைத்திருக்கிறேன். அதில் சைக்கிள் போகிறது. அவன் வேலை போகிறது. கடைசி வரி கூட நன்றாகத்தான் அமைந்தது. ஆனால் எழுதி முடித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடுகிற பயத்தை எத்தனை பேர் மாதக்கணக்கில் தலையில் மாட்டிக்கொண்டு நடக்கிறோம். அது தீர்ந்துபோகிற கதையும் ஒன்று இருக்கட்டும். வலு குறைந்தால் குறைந்துவிட்டுப் போகிறது.

9

வெள்ளிக்கிழமை காலை. முந்தின நாள் மாலையே கடையில் மாற்றிய உயரமான சைக்கிள், பின்னால் கேரியர். அவன் முழங்கால் தாடையில் இடிக்கவில்லை. நேர்சாலை. கம்பெனி வாசலுக்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறது.

"மேட்டுல எறங்கிக்கறேங்க."

"உக்காரு. முடியலன்னா நானே சொல்றேன்."

"எல்லாரும் கேட்டுல நிக்கிறாங்க."

"நிக்கட்டும்."

அவள் இறங்கி நடந்தாளா, உட்கார்ந்தபடியே வாசலுக்குள் போனாளா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவன் நேரத்துக்குக் குடோன் போய்ச் சேர்ந்துவிடுகிறான். அதனால் எனக்குக் கவலை இல்லை.

இவ்வளவு தூரம் நான் மிதித்தாயிற்று. இனி ஹேண்டில் பாரை நீங்கள் பிடியுங்கள். நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். முடியவில்லை என்றால் சொல்லுங்கள், மேட்டில் இறங்கிக்கொள்கிறேன்.