செவ்வாய் வெள்ளி மாத்திரை இல்லை

கண் முகாமிலிருந்து பேச்சியைத் திருப்பி அனுப்பியது அது மூன்றாவது முறை.

"அம்மே, ஷுகர் இருநூத்தி எண்பத்தாறு. இதுல ஓப்பரேஷன் பற்றில்ல, செய்ய முடியாது. இருநூறுக்குக் கீழ கொண்டு வாங்கோ, அப்புறம் நோக்காம்" என்றாள் சீட்டு எழுதிய பெண். அடுத்த முகாம் ஆறு வாரம் கழித்து என்று சீட்டின் பின்னால் தேதியும் எழுதிக் கொடுத்தாள்.

மட்டாஞ்சேரியில் கொச்சங்காடிப் பக்கம் ஒரு கிடங்கில் பேச்சிக்குச் சுக்கு பொறுக்கும் வேலை. தரையில் கொட்டிய குவியலில் பூசணம் பிடித்ததையும் புழு துளைத்ததையும் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். புரை விழுந்த கண்ணுக்கு நல்லதும் கெட்டதும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சங்கரி, யாரும் பார்க்காத நேரத்தில் பேச்சியின் குவியலிலும் ஒரு முறை கையை விட்டுத் துழாவிக் கெட்டதை எடுத்துவிடுவாள். அப்படியும் சில தப்பின.

"என்ன ஆத்தா, சுக்கைப் பொறுக்கச் சொன்னா புழுவையும் சேத்துக் கப்பல் ஏத்துற? துபாய்க்காரன் சாயாவுல அது நீச்சலடிச்சா என்னையவா கூப்பிட்டுக் கேப்பான்?" என்றார் மேஸ்திரி ஒச்சப்பன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "அடுத்த முகாம் வரைக்கும் பொறுத்துக்கிறேன். அதுக்கு மேல முதலாளிக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

அன்று மாலை பேச்சி டாக்டர் சுதர்ஷனிடம் போனாள். அவருடைய கிளினிக் கிடங்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி. டாக்டர் முகாம் சீட்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்க இல்லே?"

"ஆமா டாக்டர்."

அந்தக் கேள்விக்கு வேறு பதில் உண்டு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. பெரிய படிப்பு படித்தவர், மெனக்கெட்டுப் பார்க்கிறார். அவரிடம் போய், "வாங்க முடியலை" என்று எப்படிச் சொல்வது? டாக்டர் பெருமூச்சு விட்டு, சீட்டில் ஐந்தாவதாக இன்னொரு மாத்திரை எழுதினார்.

ஆரம்பத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை அவள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாள். சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் இரண்டாக்கினார். இரண்டு வாங்க முடியாமல் இன்னும் இடைவெளி விட்டாள். சர்க்கரை ஏறியது. டாக்டர் மூன்றாக்கினார். சீட்டு நீள நீள அவள் விழுங்குவது குறைந்தது. அவள் குறைக்கக் குறைக்கச் சீட்டு நீண்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

கிளினிக்குக்கு எதிரில் கல்யாணராமனின் மருந்துக்கடை. பாலக்காட்டிலிருந்து அவருடைய அப்பா காலத்தில் இங்கே வந்து நிலைத்த குடும்பம். அவர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, கேட்காமலே கத்திரிக்கோலை எடுத்தார்.

"எந்தா பேச்சி, இன்னிக்கும் நாலு நாளுக்குத்தானோ?"

"ஆமா சாமி. சனிக்கிழமை சம்பளம் வரவும் மிச்சத்த வாங்கிக்கிடுதேன்."

"சரியாக்கும்" என்று அட்டைகளை நறுக்கிக் கொடுத்தார். அந்த மிச்சத்தை வாங்க எந்தச் சனிக்கிழமையும் அவள் வந்ததில்லை. அது அவருக்கும் தெரியும்.

வீட்டில் கணவன் நல்லசிவத்துக்கு இது எதுவும் தெரியாது. கட்டட வேலை, மழை பெய்தால் கூலி கிடையாது. வாடகை போக மிஞ்சுவதில் அரிசி வாங்குகிற மனிதனிடம் மாத்திரைக் கணக்கைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சர்க்கார் ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிறார்கள் என்று சங்கரி ஒரு முறை சொன்னாள். "நம்ம ரேஷன் கார்டு சங்கரன்கோவில்ல கெடக்கு. நமக்கு எதுக்குக் கொடுப்பாவ?" என்று பேச்சி அதை அங்கேயே முடித்துவிட்டாள்.

மாத்திரை இல்லாத நாட்களில் அவன் கேட்டுவிடக் கூடாதே என்று அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு விரதம். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது; மாத்திரையும் கிடையாது; விளக்கு வைத்த பிறகுதான் சாப்பாடு. விரதம் என்று சொன்ன பிறகு யார் என்ன கேட்பார்கள்? நல்லசிவம் பயபக்தியோடு அந்த இரண்டு நாளும் கருவாடு வாங்குவதையே நிறுத்திவிட்டான். அவனுடைய அந்த நம்பிக்கைதான் அவளை அதிகமாக உறுத்தியது. தன் இல்லாமையை அம்மன் தலையில் சுமத்திவிட்டோமே என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

ஆறு வாரம் முடிய வந்தது. முகாமுக்கு ஐந்து நாள் இருந்தபோது பேச்சி, பெட்டியின் அடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்தாள். ஊர்க்கோயில் பொங்கலுக்கு என்று வருஷம் முழுக்கச் சிறுகச் சிறுக முடிந்து வைத்த காசு. "தாயே, கண்ணு கெடைக்கட்டும். திருப்பி வச்சிருதேன்" என்று அழுதுகொண்டே அவிழ்த்தாள். அன்று கல்யாணராமன் கத்திரிக்கோலை எடுக்கவில்லை. முழு அட்டைகளாக எடுத்து வைத்துவிட்டு, அவள் முகத்தை ஒரு முறை பார்த்தார். காசை எண்ணிக் கல்லாவில் போட்டார்.

புதன்கிழமை ஐந்து மாத்திரையும் போட்டாள். வியாழனும் போட்டாள். தலை லேசாகச் சுற்றியது. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாத்திரையை விட முடியாது, ஞாயிற்றுக்கிழமை முகாம். சாப்பிடவும் மனம் வரவில்லை. அம்மனின் காசை எடுத்தாகிவிட்டது. இனி அவளுடைய விரதத்தையும் முறிப்பதா? வெறும் வயிற்றில் ஐந்தையும் விழுங்கிவிட்டு வேலைக்குப் போனாள்.

பதினொரு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. விரல்கள் தாமாக ஆடின. சங்கரி ஏதோ கேட்டாள். பேச்சியின் பதில் குழறியது. அப்படியே சுக்குக் குவியலின் மேல் சாய்ந்துவிட்டாள். ஒச்சப்பனும் சங்கரியும் அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள்.

நர்ஸ் தன்யா விரலில் குத்திப் பார்த்தாள். நாற்பத்து நான்கு. ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏறியதும், திரை விலகினாற்போல் பேச்சிக்கு உலகம் திரும்பி வந்தது. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "இருநூத்தி எண்பத்தாறு இருந்த ஆளு. நான் எழுதினது ஒண்ணே ஒண்ணு கூடுதல். எப்படி இத்தனை இறங்கும்?"

தன்யா பேச்சியின் பையிலிருந்த அட்டைகளைக் கட்டிலில் வரிசையாகப் பரப்பினாள்.

"சேச்சி, இங்க வர்ற நிறைய பேருக்கு எல்லா மருந்தும் வாங்க பற்றில்ல. எங்க வீட்ல அம்மாவுக்கும் அப்படித்தான். கையில காசு குறைவா இருந்தா, இதுல எதை விடுவீங்க?"

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. இதற்குப் பதில் சொல்ல வெட்கப்படவும் தேவையில்லை. பேச்சி விரலை நீட்டினாள்.

"இந்தப் பெருசைத்தான் விடுவேன். இதுதான் வெல கூட. மத்ததெல்லாம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். செவ்வாய் வெள்ளி எதுவுமே கெடையாது. இந்த மூணு நாளாத்தான் முழுசாப் போட்டேன்." சொல்லி முடித்ததும் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

டாக்டர் சுதர்ஷன் ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வருஷமாகப் பார்க்கிறார். இன்றுதான் அவளுக்குச் சமமாக உட்கார்ந்திருக்கிறார்.

"நீங்க சாப்பிடாத மருந்து வேலை செய்யலைன்னு, அதுக்கு மேல மருந்து எழுதிட்டே இருந்தேன். தப்பு என் மேல. நான் கேட்ட கேள்வியே சரியில்ல."

அதற்குள் தெருவைத் தாண்டிக் கல்யாணராமன் வந்து வாசலில் நின்றிருந்தார். விழுந்தது பேச்சி என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"டாக்டரே, என் தப்பும் உண்டு. ஒரு வருஷமா நானாக்கும் நறுக்கி நறுக்கிக் குடுத்தேன். இவ முழுசா வாங்கறதில்லேன்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடைக்காரனுக்கு எதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்."

டாக்டர் சீட்டை வாங்கி ஒவ்வொன்றாக அடித்தார். இதுவும் அதுவும் ஒரே வேலை செய்கிறவை, ஒன்று போதும். இது அவசரத்தில் சேர்த்தது. இது இனி வேண்டாம். கடைசியில் இரண்டு மிஞ்சின. கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரை மட்டும் எழுதினார்.

"இதே மருந்து, வேற கம்பெனி, கால் விலைக்கு என்கிட்டயே இருக்கு" என்றார் கல்யாணராமன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சர்க்கார் ஆஸ்பத்திரியில ரெண்டும் சும்மாவே கிடைக்கும். அங்கேயே வாங்கிக்கோ" என்றார்.

"எங்க ரேஷன் கார்டு ஊருல..."

தன்யா சிரித்துவிட்டாள். "ஷுகருக்கு ஏது சேச்சி ரேஷன் கார்டு? ஆதார் மதி, அது போதும். அடுத்த வாரம் நானே கூட வந்து பேர் எழுதிக் கொடுக்கறேன்."

பேச்சி மெல்லக் கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை முகாமுக்குப் போலாமா டாக்டர்?"

"வேண்டாம்" என்றார் டாக்டர். "இன்னிக்கு விழுந்த உடம்பு. இந்த ரெண்டு மாத்திரையில சர்க்கரை நிலையா நிக்கணும். அடுத்த முகாம்."

இன்னும் ஆறு வாரம். பேச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாசலில் நின்ற ஒச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு அவள் நல்லசிவத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரை, விரதம், மஞ்சள் முடிச்சு எல்லாம்.

"ஏட்டி, எங்கிட்டச் சொல்ல வேண்டியத அம்மன்கிட்டச் சொல்லியிருக்க. அவ என்ன உன் மாத்திரையவா கேட்டா? காசு அவ மக ஒடம்புக்குத்தான போச்சு. அதுக்கா அவ கோவப்படப் போறா?" என்றவன், எழுந்து போய்த் தட்டில் சோறு போட்டு அவள் முன்னால் வைத்தான்.

திங்கட்கிழமை கிடங்கில் அவளுடைய இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். வெளியே போகத் திரும்பிய பேச்சியின் கையில் ஒச்சப்பன் ஒரு கோணூசியைத் திணித்தார்.

"சாக்கு வாயைத் தை. அதுக்குக் கண்ணு வேண்டாம், கை போதும். முகாம் வரைக்கும்தான் ஆத்தா. ஆயுசுக்கும்னு நெனச்சு இங்கேயே குடியேறிராத."

ஆறு வாரம் அவள் சாக்கு தைத்தாள். ஊசி விரலில் ஏறாத நாளில்லை. தன்யா சொன்னபடியே கூட்டிப் போய்ப் பெயர் எழுதிக் கொடுத்தாள். மாத்திரை சும்மாவே கிடைத்தது. கல்யாணராமன் அந்த வழியாகப் போகிறவளைக் கூப்பிட்டு, "சாப்பிட்டியோ? அப்புறமா மாத்திரை" என்று நினைவூட்டுவதோடு சரி, விற்க ஒன்றும் இல்லை.

முகாமில் அதே பெண்தான் விரலைக் குத்தினாள். பேச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நூத்தி அறுபத்தெட்டு" என்றாள் அந்தப் பெண். பிறகு சீட்டின் பின்னால் தேதி எதுவும் எழுதாமல், எந்தக் கண் என்று அடையாளத்துக்காகப் பேச்சியின் வலது புருவத்துக்கு மேல் ஒரு துண்டு வெள்ளை பிளாஸ்திரியை ஒட்டினாள். "உள்ள போய் இருங்கோ, அம்மே."

இந்த முறை முகாமை ஞாயிற்றுக்கிழமை வைக்காமல் வெள்ளிக்கிழமை வைத்திருந்தார்கள். இரண்டு இட்லி சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் அவள் வந்திருந்தாள்.