அரிதாரம் துடைக்க ஓர் ஆள்

கொச்சங்காடியில் பழைய இஞ்சிக் கிடங்கின் மாடிதான் நாடகக் கொட்டகை. எண்பது பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். முன்வரிசையில் இருப்பவர் காலை நீட்டினால் ராஜாவின் பாதத்தில் இடிக்கும். அங்கே தமிழ் நாடகம் போடும் ஞாயிற்றுக்கிழமைகளில் முன்வரிசை நடு நாற்காலி மிளகு மண்டி செல்லப்பாவுக்கு. அவர் வராவிட்டாலும் அதில் வேறு யாரும் உட்காருவதில்லை.

நாடகம் பார்ப்பது குடும்பத்துக்குக் கௌரவம், வேஷம் கட்டுவது அப்படியல்ல என்பது அவருடைய தீர்மானம். தகப்பனார் இறந்த வருஷம் தம்பி இசக்கிமுத்துவைக் கூப்பிட்டு, இனி மேடை ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஐந்து வருஷமாக அவனும் ஏறவில்லை.

எழுபத்தாறு ஆவணியில், செல்லப்பாவின் மகள் மாயம்மாளைத் தன் மகனுக்குப் பெண் பார்க்க எர்ணாகுளத்திலிருந்து பாத்திரக்கடை வீரபாண்டி மனைவியோடு படகேறி வந்தார். பெண் பிடித்துப்போயிற்று. சாயங்காலமே தட்டு மாற்றிக்கொள்வதென்று பேச்சு. சின்னவரைக் காணோமே என்று வீரபாண்டி கேட்டதற்கு, சரக்கோடு இடப்பள்ளிக்குப் போயிருப்பதாகச் செல்லப்பா சொன்னார். காலையில் தம்பி அவரிடம் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது கொட்டகை மணி அடித்தது. வீரபாண்டிக்கு நாடகம் என்றால் சாப்பாடு வேண்டாம். பெண்கள் பேசிக்கொண்டிருக்கட்டும், நாம் ஒரு நடை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றார்.

படியேறும்போது செல்லப்பா அந்தக் கொட்டகையின் வழக்கத்தைப் பெருமையாகச் சொன்னார். வேஷம் கலைக்கத் தனி அறை கிடையாது. நாடகம் முடிந்ததும் நடிகர்கள் மேடையிலேயே வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் ஒருவர் தேங்காயெண்ணெயும் துணியுமாக மேலேறி, எல்லோர் முன்னிலையிலும் அரிதாரத்தைத் துடைத்துவிட வேண்டும். வீட்டு ஆள் கை படாமல் வேஷம் இறங்காது என்பார்கள்.

கப்பலில் போன புருஷனுக்குத் தினமும் இலை போட்டுக் காத்திருக்கும் ஒருத்தியின் கதை. அவள் உள்ளே வந்து முதல் வார்த்தை பேசியதுமே செல்லப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. வழக்கமாகப் பெண் வேஷம் கட்டுபவனுக்கு மஞ்சள்காமாலை என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். இசக்கிமுத்து குனிந்து இலையைத் துடைத்தான். இல்லாத சோற்றைப் பரிமாறினான். எண்பது பேரில் எழுபத்தொன்பது பேருக்கு அது யாரென்று தெரியும். தெரியாத ஒருவர் செல்லப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

செல்லப்பாவுக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று காத்துக்கூடப் பார்த்தார். கைவிசிறி மடியில் கிடந்தது. ஜன்னலில் ஒரு கம்பி துருப்பிடித்து வளைந்திருந்தது. கதை முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் அடங்கியது. நடிகர்கள் வரிசையாக நின்றார்கள். ராஜாவுக்கு அவர் மாமனார் ஏறினார். மாலுமிக்கு அவன் அக்காள். துணி உரசும் சத்தமும் எண்ணெய் வாசனையுமாக ஒவ்வொரு முகமாகக் கலைந்தது. கடைசியில் நின்றவனிடம் யாரும் போகவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொட்டகை முழுதும் முன்வரிசையைப் பார்த்தது.

"அண்ணாச்சி, அந்தப் பொம்பளை வேஷக்காரருக்கு ஆள் வரலியே," என்றார் வீரபாண்டி. "யாரு அவரு?"

"தெரியலை," என்றார் செல்லப்பா. "வெளியூர் ஆளா இருக்கும்."

பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவ்வளவுதான்.

வீரபாண்டி கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்தார். "ஊர் தெரியாத இடத்துல மனுசன் இப்படி நிக்கலாமா? நான் துடைச்சாக் குத்தமில்லை." செல்லப்பா தடுக்கக் கையைத் தூக்கினார். கை பாதியிலேயே நின்றது.

வீரபாண்டி மேடையேறி, மாலுமியின் அக்காளிடம் எண்ணெய்க் கிண்ணியை வாங்கிக்கொண்டார். முதலில் நெற்றி. பிறகு கன்னம். வெள்ளையும் சிவப்பும் குழைந்து இறங்க, அடியிலிருந்து செல்லப்பாவின் மூக்கு வந்தது. செல்லப்பாவின் பிளந்த முகவாய் வந்தது. துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. வீரபாண்டி திரும்பி நாற்காலியில் இருந்த முகத்தைப் பார்த்தார். மறுபடியும் இந்த முகத்தைப் பார்த்தார். கழுத்தையும் துடைத்து முடித்துவிட்டே கீழே இறங்கினார்.

செல்லப்பாவின் பக்கத்தில் குனிந்து, அடுத்தவர் காதில் விழாதபடி பேசினார்.

"நடிச்சதுல எனக்கொரு குறையுமில்லை அண்ணாச்சி. பெத்தவ மாதிரி சோறு போட்டாரு. ஆனா கூடப்பிறந்தவனை யாருன்னு தெரியாதுன்னு சொல்ற வீட்டுல எப்படிச் சம்பந்தம் வைக்க? நாளைக்கு எங்களையும் அப்படித்தானே சொல்லுவீக?"

வீரபாண்டி கைகூப்பினார். எண்ணெய்க் கை. மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆறு மணிப் படகைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிப் படியிறங்கினார்.

கொட்டகை காலியாயிற்று. வழக்கமாக அவரிடம் விடை பெற்றுப் போகிறவர்கள் இன்று பக்கவாட்டில் ஒதுங்கிப் போனார்கள். மாயம்மாள் இந்நேரம் தட்டில் வெற்றிலை அடுக்கியிருப்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது. அது வேறு யாரோ வீட்டு விஷயம்போல இருந்தது.

இசக்கிமுத்து வேட்டிக்கு மாறி வந்து எதிரே நின்றான்.

"போயிட்டாகளாண்ணே?"

"போயிட்டாக."

"நான்தான்னு சொல்லியிருக்கலாமே."

செல்லப்பா நிமிர்ந்து பார்த்தார். "காதோரத்துல இன்னும் ஒட்டியிருக்கு," என்றார்.

இசக்கிமுத்து புறங்கையால் தானே தேய்த்துக்கொண்டான். அது போகவில்லை. செல்லப்பா எழுந்து, முதுகு வளையாமல் முன்னால் படியிறங்கினார்.