அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு தவறிலிருந்து வந்தது. தவறு என்னுடையது. ஒப்புக்கொள்ளத் துணிச்சலில்லாமல் அதை ஓர் அக்காக்காரியின் தலையில் கட்டுகிறேன்.

முதல் தொடக்கம்: 'மருத்துவமனை அமைதியாக இருந்த…' சேச்சே, அடித்துவிட்டேன். பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஏது அமைதி?

2

அக்கா மருத்துவமனைக்கு நிரல் எழுதுகிறவள். தங்கையின் குறைமாதக் குழந்தை அங்கேதான், நான்காம் கட்டிலில். குழந்தைக்கு மூச்சு தவறினால் நர்ஸ் மேஜையிலுள்ள கம்ப்யூட்டரில் மணி அடிக்கும். அதைத் தெளிவாகக் காட்டும் ஒரு திரை நிரலை அக்கா தன் அறையில், புதுக் கம்ப்யூட்டரில் உருவாக்கி, வார்டுக்கு அனுப்பினாள். ஓடவில்லை. அங்கிருந்த சிஸ்டம் லைப்ரரி, அதாவது எல்லா நிரல்களுக்கும் பொதுவான அடிப்படை நிரல்தொகுப்பு, ஆறு வருடம் பழசு.

(எல்லா நிரலும் அந்த லைப்ரரியை நம்பித்தான் எழுந்து நிற்கும். பழையதில் உருவாக்கியது பெரும்பாலும் புதியதிலும் ஓடும். புதியதில் உருவாக்கியது பழையதில் ஓடாது. பழைய பதிப்பில் வைத்து மறுபடி உருவாக்கியிருக்க வேண்டும். அரை நாள் வேலை.)

அரை நாள் யார் பொறுப்பது? தன் அறையில் இருந்தபடியே புது லைப்ரரியை அங்கே அனுப்பிப் பழையதன் இடத்தில் வைத்தாள். அது அந்தக் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகவில்லை. அதன்பின் எந்த நிரலும் புதிதாக எழவில்லை, பழையதைத் திருப்பி வைக்கும் கட்டளைகூட. மணி அடிக்கும் நிரல் மட்டும் ஓடுகிறது, முன்பே எழுந்துவிட்டதால். கம்ப்யூட்டரை அணைத்தால் அதுவும் மறுபடி எழாது.

3

இவ்வளவு தெரிந்தவள் இப்படிச் செய்வாளா? செய்வாள் ஐயா. நான் செய்தேனே!

ஒரு முடிவு எழுதினேன்: பழையதைச் சத்தமில்லாமல் திருப்பி வைக்கிறாள், யாருக்கும் தெரியாமல்… கிழித்துப் போட்டேன். வழி தேடி அவள் தவிக்கும்போதே போன் வந்துவிட்டது. வார்டு நர்ஸ்.

"மேடம், புது ஸ்கிரீன் வரவே இல்லையே. ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் சிஸ்டர்! தொடாதீங்க!"

"ஏன் மேடம், ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல… அதெல்லாம் ஒண்ணுமில்ல."

அடிப்பாவி!

"ஒண்ணுமில்லன்னா பண்ணிப் பார்க்கறேனே. எப்பவும் அப்படித்தானே சரியாகுது."

4

'நான் தப்பு பண்ணிட்டேன், அணைக்காதீங்க, ஒவ்வொரு கட்டில்கிட்டயும் ஒருத்தர் நில்லுங்க.' சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சொன்னால் வேலை போகும். தங்கை முகத்தில் எப்படி விழிப்பாள்?

முடிவை நான் எழுத மாட்டேன். அன்று வாயைத் திறக்க எனக்கு எவ்வளவு நேரமானது என்பது எனக்குத் தெரியும். அதை இவள்மேல் ஏற்ற மனம் வரவில்லை.

நர்ஸின் விரல் சுவிட்சில் இருக்கிறது. இந்தாருங்கள் போன், நீங்கள் பேசுங்கள். கேட்கிறாள் பாருங்கள்:

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"