உலை கொதிக்கும்வரை ஸ்பானிஷ்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. நான் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். தினமும் காலையில் பத்து நிமிடம் ஸ்பானிஷ் பேசப் பழகுகிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டில் யாரோ ஒரு பெண் எனக்குப் பிறகுதான் அதே பழக்கத்தைத் தொடங்கினாள். சுவர் மெல்லியது, எல்லாம் கேட்கிறது. நேற்று அவள் ஸ்பானிஷில் முழு நகைச்சுவை ஒன்றைச் சொல்லித் தானே சிரித்தாள். நான் இன்னும் ஹோட்டலில் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மனம் காந்தியது. அந்தக் காந்தலை வேறொருவர் தலையில் இறக்கிவைக்க ஆள் தேடினேன். கிடைத்தவள் வீரம்மா. பாவம், நூறு வருடத்துக்கு மேலாகிறது, மறுத்துப் பேச வரமாட்டாள்.

2

முதல் தொடக்கம்: "1912. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளின் மேல் கரிப்புகை கவிந்திருந்த ஒரு காலைப்பொழுதில்..."

[அடித்துவிட்டேன். புகையில் தொடங்கினால் வாசகருக்கு இருமல்தான் வரும்.]

இரண்டாவது தொடக்கம்: "வீரம்மா அழகி. அவளுடைய கண்கள்..."

[இதுவும் வேண்டாம். இந்தக் கதைக்கு அவள் காது போதும்.]

மூன்றாவது: வீரம்மாவுக்கு ஒரே ஒரு சிநேகிதி. பெயர் இராஜம்மா. இருவரும் நாகப்பட்டினத்திலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். ஒரே தகரத் தட்டில் கஞ்சி குடித்து, ஒருத்தி வாந்தி எடுக்கும்போது மற்றவள் தலையைப் பிடித்து, கிள்ளான் துறைமுகத்தில் கைகோத்து இறங்கியவர்கள். கப்பல் சொந்தம் என்பார்கள். கூடப் பிறந்தவளைக்கூட விட்டுக்கொடுக்கலாம், கூடக் கப்பலில் வந்தவளை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அந்த இராஜம்மாவை ஒரு மணிலாக்காரி பறித்துக்கொண்டாள். இதுதான் கதை. மூன்றாவது தொடக்கமே இருக்கட்டும்.

3

மணிலாக்காரியின் பெயர் கொன்சுவேலோ. அவள் கணவர் கோலாலம்பூர் பேண்டில் கிளாரினெட் ஊதுகிறவர். (அந்தக் காலத்தில் இங்கே மணிலாவிலிருந்து வந்த வாத்தியக்காரர்கள் இருந்தது உண்மை. இந்தத் தம்பதியும் அவர்களுடைய வீடும் என் கற்பனை.) அவர்கள் குடிவந்தது ரயில்வே லைன் வரிசையின் நடுவீட்டில். ஒரு பக்கம் இராஜம்மா, மறுபக்கம் வீரம்மா. இடையில் பலகைச் சுவர்.

எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்: கொன்சுவேலோவிடம் இராஜம்மா எப்படி ஸ்பானிஷ் படித்தாள்?

காலையில் அடுப்பில் உலை வைப்பாள். வைத்ததும் நடுவீட்டுக்குப் போவாள். அங்கேயும் உலை ஏறியிருக்கும், மணிலாக்காரர்களும் சோறு தின்கிறவர்கள்தான். முதலில் நேற்றைய வாக்கியம். பிறகு முந்தாநாள் வாக்கியம். இரண்டும் தடுக்காமல் வந்தால் மட்டும் புதிதாக ஒன்று. கொன்சுவேலோ எதற்கும் விளக்கம் சொல்லமாட்டாள். தண்ணீரைத் தொட்டு 'ஆகுவா' என்பாள். ஆவியில் கை காட்டி 'கலியென்தே' என்பாள், சூடு. 'கோமோ எஸ்தா?' என்று கேட்டு, எப்படி இருக்கிறாய் என்பதுபோல் முகவாயைத் தூக்குவாள். இராஜம்மா வீட்டு உலைமூடி தடதடவென்று ஆடுகிற சத்தம் பலகைக்கு அப்பாலிருந்து கேட்டதும் பாடம் முடிந்தது. பாதி வாக்கியத்தில் இருந்தாலும் எழுந்து ஓடிவிடுவாள்.

இவ்வளவு சின்னப் பாடம் எப்படி வேலை செய்கிறது? புது தோசைக்கல்லைப் பழக்குவதைப் பாருங்கள். ஒரே நாளில் படி எண்ணெய் ஊற்றினால் கல் பழகாது, வீடுதான் புகையும். தினம் கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் சூடு, பிறகு ஆறவிடுவது. அந்த ஆறுகிற நேரத்தில்தான் கல் எண்ணெயைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. நாக்கும் அப்படித்தான்.

[இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு வரவில்லை. இதற்கும் சேர்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரிமேல் ஆத்திரம்.]

4

வீரம்மாவின் உலையும் அதே நேரத்தில்தான் கொதிக்கும். அவள் அடுப்பு பலகைச் சுவரோடு ஒட்டியிருந்தது. தினமும் அங்கே குந்தி, காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். கையசைவு தெரியாது, ஓசை மட்டும் வரும். அர்த்தமில்லாத அந்த ஓசையை வாய்க்குள்ளேயே திருப்பிச் சொல்லுவாள். 'எஸ்பேரா.' 'ரெஸ்பிரா.' 'ஓத்ரா வெஸ்.' இராஜம்மா தடுமாறும் இடத்தில் இவளுக்குத் தடுமாறாது. பொறாமையைப் போல ஒரு வாத்தியார் கிடையாது, அது ஒரு நாள்கூட லீவு எடுப்பதில்லை.

ஒரே ஒரு வாக்கியத்துக்கு அவளுக்கு அர்த்தம் கிடைத்தது. காய்கறிக்காரர் மலாயில் விலை சொல்லும்போது, கிளாரினெட்காரர் மனைவியைக் காட்டி, 'எல்யா நோ சாபே' என்று சிரிப்பார். பிறகு அதையே மலாயிலும் சொல்லுவார்: அவளுக்குத் தெரியாது.

மறுநாள் சுவருக்கு அப்பால் இராஜம்மாவின் குரல், மெதுவாக: "எல்யா நோ சாபே."

அவளுக்குத் தெரியாது. எவளுக்கு? அன்று வீரம்மாவின் சோறு குழைந்துபோயிற்று.

அடுத்த நாள் வாசலைக் கடக்கும்போது உள்ளே பார்த்தாள். இராஜம்மாவின் கையில் மரத்தாலான ஒரு சின்னக் குழல், ஒரு முனை அகன்று விரிந்தது. பேண்டுக்காரர் வீட்டில் குழல் இருந்தால் எவளுக்கும் என்ன தோன்றும்? பாட்டும் நடக்கிறது! குழாயடியில் கேட்டே விட்டாள்.

"என்னடி, தொரசாணி ஆயிட்டியாமே?"

"தொரசாணியும் இல்ல, மண்ணும் இல்ல. குடத்தைக் கொடு, நான் தூக்கிட்டு வரேன்."

"அவ பேசினா சிரிக்கிற. நான் பேசினா கொட்டாவி விடுற."

"ஒம்மேல கோவமெல்லாம் இல்லடி."

"எனக்கு இருக்குல்ல! போ. போயி ஒன் மணிலாக்காரிக்குத் தூக்கு. குழல் ஊதிக்கிட்டே தூக்கு."

இராஜம்மா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

5

ஏன் மூடிக்கொண்டாள்? கடைசிவரை மறைத்துவைத்து உங்களைத் திடுக்கிட வைக்கலாம். எனக்கு அந்த ஆசை இல்லை. ஓடுகிற கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து காட்டுவதுதான் எனக்குச் சந்தோஷம். இதோ திறக்கிறேன்.

வீரம்மா நிறைமாதக் கர்ப்பிணி. [இதை நான் இதுவரை சொல்லவில்லை. காரணம் உண்டு.] இதற்கு முன் இரண்டு முறை, பிள்ளை வருமுன்னே சட்டை தைத்தாள், தூளி கட்டினாள். இரண்டு முறையும் தூளி வெறுமனே தொங்கியது. இந்த முறை இராஜம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்: "பொறக்கறவரைக்கும் அதப்பத்தி எங்காதுல ஒரு பேச்சு விழக் கூடாது. ஏற்பாடு, கீற்பாடு ஒண்ணும் கூடாது. கண்ணு பட்டுரும்."

கொன்சுவேலோ மணிலாவில் பிரசவம் பார்த்தவள். இராஜம்மா அதைத் தற்செயலாக அறிந்தாள். அந்த மரக்குழல் ஊதுவதற்கல்ல, வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பதற்கு. இது தெரிந்ததும் இராஜம்மா கொன்சுவேலோவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளாரினெட்காரர் மலாயில் மொழிபெயர்த்தார்: "என் மனைவி வருவாள். ஆனால் அவள் சொல்வது புரிகிற ஒருத்தி பக்கத்தில் நிற்க வேண்டும். ஆண் நான் உள்ளே வர முடியாதே."

*நியாயமான கேள்வி: அவளுடைய தாய்மொழி மணிலாவின் தகலோக் அல்லவா? ஆம். ஆனால் தொழிலைக் கன்னியாஸ்திரீகளிடம் ஸ்பானிஷில் கற்றாள். அவசரத்தில் கை எந்த மொழியில் வேலை பழகியதோ, வாய் அந்த மொழியைத்தான் பேசும்.

ஆக, 'ரெஸ்பிரா' (மூச்சு விடு), 'எஸ்பேரா' (பொறு), 'ஓத்ரா வெஸ்' (இன்னொரு தரம்), வெந்நீர் எல்லாமே வீரம்மாவுக்காகக் கொதித்த உலைகள். சத்தியத்தால் இராஜம்மாவின் வாய் கட்டிக் கிடந்தது. அந்தக் கட்டைப் போட்டவளே அவளைத் துரோகியாகப் பார்த்தாள்.

6

நண்பகல். வீரம்மாவுக்கு வலி எடுத்தது. கணவன் பக்கிரிசாமியிடம், "செந்தூல் மருத்துவச்சியக் கூட்டிட்டு வா. இராஜம்மாகிட்டச் சொல்லாத" என்றாள். அவன் ஓடினான். ஓடியவன் வாசலிலேயே இராஜம்மாமேல் மோதிக்கொண்டான். அவனுடைய முகமே சொல்லிவிட்டது.

வீரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இராஜம்மா, பின்னால் கொன்சுவேலோ, கையில் அந்தக் குழல். எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"தெறடி!"

"மாட்டேன். ஒன் மணிலாக்காரியோட போயி ஊது, போ!"

"அடி இவளே, அது ஊதற குழல் இல்ல! வயித்துல வச்சுக் கேக்கற குழல்!"

"எதக் கேக்க?"

வெளியே சத்தியம் உடைந்தது.

"ஒம் புள்ளையத்தாண்டி!"

உள்ளே அடுத்த வலி வந்தது. வீரம்மா கதவில் நெற்றியை முட்டிக்கொண்டாள். பலகைக்கு அப்பாலிருந்து கொன்சுவேலோவின் குரல், அவசரமே இல்லாமல்: "ரெஸ்பிரா."

வீரம்மாவின் நெஞ்சு மூச்சால் நிறைந்து இறங்கியது. யாரும் சொல்லிக்கொடுக்காத அர்த்தம், கையசைவு தேவைப்படாத அர்த்தம். அடுத்த வாக்கியம் அவளுக்குத் தெரியும். தினமும் அதன் பின்னால் அதுதான் வரும். அவளே சொன்னாள்:

"ஓத்ரா வெஸ்."

வெளியே இராஜம்மா திகைத்தாள். "எப்படிடி ஒனக்கு...?"

"என் ஒலையும்தானே அந்நேரத்துக்குக் கொதிக்குது."

வீரம்மா விடவில்லை.

"எல்யா நோ சாபேன்னியே. எனக்கு என்னடி தெரியாது?"

"இதுதாண்டி. இதுதான் தெரியாது."

7

முடிவுகள்.

(அ) கதவு உடனே திறந்தது, இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். [நம்பமாட்டேன். பொறாமை உப்பல்ல, ஒரு கொதியில் கரைந்துபோக.]

(ஆ) கதவு திறக்கவேயில்லை, செந்தூலிலிருந்து மருத்துவச்சி வந்து சேர்வதற்குள்... [இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை. தூளி மூன்றாவது முறை வெறுமனே தொங்குவதை நான் எழுதமாட்டேன். எழுதாததால் நடக்காது என்று சொல்லவும் முடியவில்லை.]

(இ) நான் கேட்டது இவ்வளவுதான். உள்ளேயிருந்து மூச்சு வாங்கிக்கொண்டே வீரம்மா சொன்னாள்:

"தெறந்தா ஒரு சத்தியம் பண்ணணும்."

"இன்னொண்ணா? போதும்டி ஆத்தா!"

"அவ எங்கிட்டயே நேராப் பேசட்டும். எனக்குப் புரியும். நீ நடுவுல நிக்காத. எம்பக்கத்துல நில்லு."

அவள் கை தாழ்ப்பாளின்மேல் இருக்கிறது. அதே நேரத்தில் தெருமுனையில் பக்கிரிசாமி தனியாகத் திரும்பி வருகிறான். வழியிலேயே சேதி கிடைத்ததாம், செந்தூல்காரி வேறு பிரசவத்துக்குப் போய்விட்டாளாம். கிளாரினெட்காரர் அவனைத் தோளில் தட்டித் தன் வாசற்படியில் உட்காரவைக்கிறார். பிரசவ வீட்டுக்குள் ஆண் நுழையக் கூடாது என்பது இந்த வரிசையின் வழக்கம். எழுதுகிறவனுக்கு விதிவிலக்கு உண்டா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லையாம். நானும் படியில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களை யாரும் தடுக்கவில்லை. உள்ளே போகலாம். போகும்போது மூன்று சொற்களை மட்டும் மறக்காதீர்கள்: மூச்சு விடு, பொறு, இன்னொரு தரம். எந்த மொழியில் சொன்னாலும் சரிதான், அவளுக்குப் புரியும்.

குழலை வயிற்றில் வைத்ததும் அந்தச் சின்னச் சத்தம் உங்களுக்கும் கேட்குமோ என்னவோ. கேட்டால் வெளியே வந்து எங்களிடம் விவரிக்காதீர்கள். இப்போதே எனக்குப் பொறாமையாக இருக்கிறது.