கதவில் மாலை இல்லாத பஸ்

1
இது என் அக்கா பானுவின் கதை, கேட்காமல் எடுத்துக்கொண்டேன். 'ஆயுத பூஜையன்று கும்மிடிப்பூண்டி முழுவதும் மஞ்சள் மழையாக—' என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். மொழிபெயர்ப்பு நாவல்கள் படித்துப் படித்து, பனி பெய்யாத ஊரில் எதையாவது பெய்யவைக்கப் பார்க்கிறேன்.

2
அக்கா மகள் தேவதர்ஷினிக்கு ஒன்பது வயது. ஆட்டிசம்; அதிகம் பேசமாட்டாள். தினமும் மாலை 5.40க்கு எளாவூர் நிறுத்தத்தில் அக்காவின் கம்பெனி பஸ் நிற்கும். நான்தான் தர்ஷினியை அழைத்துப் போவேன். கதவை இரண்டு முறை தொட்டபிறகே வீட்டுக்கு நடப்பாள்.

போன ஆயுத பூஜைக்கு பஸ் மத்தியானமே வந்தது, கதவெல்லாம் மாலையும் வாழைக்கன்றுமாக. அது அவளுடைய பஸ் இல்லை. கம்பத்தில் தலையை மோதிக்கொண்டாள். மூன்று தையல்.

(இங்கே ஓர் ஆஸ்பத்திரிக் காட்சி இருந்தது. அழகாக வந்துவிட்டதால் எடுத்துவிட்டேன்.)

3
இந்த வருடம் அக்கா டிரைவர் லோகநாதனிடம் முன்கூட்டியே பேசினாள்.

"அண்ணா, கதவாண்ட மட்டும் ஒண்ணும் கட்டாதண்ணா."

"இன்னாம்மா, சாமிக்கே கண்டிசனா? சரி வுடு, எல்லாம் வண்டி மூஞ்சியிலயே கட்டிக்கறேன். போன வருச போட்டோ கீது, அனுப்பறேன். கொயந்தைக்குக் காட்டிக்கினு இரு."

ஒரு வாரம் காட்டினோம். நான் ஓர் அட்டையில் கடிகாரம் வரைந்து, அன்று பஸ் வருவதாகச் சொன்ன இரண்டு மணிக்கு முள் வைத்தேன்.

4
தப்பு அங்கேதான். பூஜை போடும் கம்பெனியிலிருந்து சொன்ன நேரத்துக்கு யார் கிளம்பியிருக்கிறார்கள்?

2.10. தர்ஷினி அட்டையைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். லாரிகள்தான். கை தலைக்குப் போனது. அவள் கம்பத்தை நோக்கி—

(முடிக்கத் தைரியமில்லை.)

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"பூசணிக்கா ஒடைக்க மேனேஜர் வரணுமாம், பேஜாரு! நீ முள்ள மாத்தி வரைடி!"

பழைய முள்ளை அடித்து, இரண்டரைக்குப் புதிதாக வரைந்தேன். தர்ஷினி பேனாவைப் பிடுங்கி, பழைய முள்ளை இன்னும் அழுத்தி அடித்தாள். அடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. தலை தப்பியது.

5
2.35. பஸ்ஸின் முகம் முழுக்க வாழை, கதவு வெறுமையாக. லோகநாதன் ஹார்ன் அடிக்கவில்லை. தர்ஷினி தொட்டாள். மறுபடி தொட்டாள். பொரிப் பொட்டலத்தோடு இறங்கிய அக்கா, "தொட்டாளாடி?" என்றாள், பார்த்துக்கொண்டே.

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஆனால் தர்ஷினி நடந்தபடியே அட்டையில், இரண்டரைக்கு மேல் பஸ் தாமதித்த அந்த ஐந்து நிமிடத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறாள், பேனாவைத் தரமாட்டாள். உங்களிடம் பேனா இருந்தால் முடிவை எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் அடித்துத் திருத்த இடம் விடுங்கள்.