பதினேழாம் எண் வீட்டில் இரண்டு பேர்

நைனா முகமது 2011 பிப்ரவரி இருபத்தேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு நெஞ்சுவலியில் இறந்தார். மார்ச் ஆறாம் தேதி காலை ஒன்பதரைக்குக் கடையைத் திறந்தார். மதுரை தெற்குவாசலுக்குப் பக்கத்தில், குடைக்காரர் சந்தில், பதினேழாம் எண் வீட்டின் முன்னறைதான் கடை. பூட்டு பழுது பார்ப்பதும் சாவி போடுவதும் தொழில். ஒரு வாரத் தூசியைத் துடைத்துவிட்டு, பாதியில் விட்டிருந்த பீரோ சாவியை எடுத்து அரத்தால் ராவத் தொடங்கினார். மையவாடியில் அவரைக் குழிக்குள் இறக்கியவர்களில் மூன்று பேர் அந்தச் சந்துக்காரர்கள். அவர்கள் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், நாடி இல்லை. இறந்தவர்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, தன் வீட்டு அலமாரிக்கு ஒரு சாவி வேண்டும் என்றார். அன்றிலிருந்து அவர் போட்டுக்கொடுத்த சாவிகள் சித்திரை வெயிலிலும் கையில் சில்லென்று இருந்தன. மற்றபடி வேலையில் குறை சொல்வதற்கில்லை.

அவர் திரும்பி வந்ததற்குக் காரணம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அந்தப் பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் சிவபாண்டி வாத்தியார் சந்துக்கு வந்து வீடு வீடாக எழுதினார். பதினேழாம் எண்ணில் நைனா முகமது, மனைவி சாதிகா என்று இரண்டு பேரை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மார்ச் முதல் ஐந்து நாட்களில் வாத்தியார் ஒருமுறை திரும்பி வந்து, இடையில் செத்தவர்களை அடித்து, பிறந்தவர்களைச் சேர்த்துவிட்டுப் போக வேண்டும். அப்படித்தான் வந்தார். ஆனால் நைனா முகமது அடக்கமான அன்று மாலை, மஹ்ரிப் தொழுகைக்கு முன்னால், சாதிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மையத்து விழுந்த வீடு, பச்சைப்பிள்ளை வேறு, உள்ளே பெண்கள் அழுகிற சத்தம். கதவைத் தட்ட மனமில்லாமல் வாத்தியார் சந்து முனை டீக்கடை ஷாகிரிடம், அந்த வீட்டில் மாற்றம் உண்டா என்று கேட்டார்.

"முன்னயும் ரெண்டு பேரு, இப்பவும் ரெண்டு பேரு சார். கணக்கு அப்படியேதான் இருக்கு," என்றார் ஷாகிர்.

வாத்தியார் மாற்றம் இல்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். எண்ணிக்கை சரிதான். ஆனால் நைனா முகமதுவை யாரும் அடிக்கவில்லை, பிறந்த பிள்ளையை யாரும் சேர்க்கவில்லை. அந்த வீட்டுக்கு இரண்டு பேர் என்று எழுதியிருந்ததில், ஒரு இடத்தில் இறந்தவர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

பிள்ளைக்கு ஹுமா என்று பேர் வைத்தார்கள். வைத்தவர்களுக்கே பாதி நாள் அந்தப் பேர் நினைவில் நிற்கவில்லை. தொட்டிலைப் பார்க்க வந்தவர்கள் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேறு எதையோ பேசிவிட்டுப் போனார்கள். புகைப்படத்தில் அவள் நின்ற இடத்தில் வெறும் சுவர்தான் பதிந்தது. சாதிகாவுக்கும் மறந்து மறந்து போனது. முதல் இரண்டு வருடம் துப்பட்டாவின் ஒரு நுனியைப் பிள்ளையின் இடுப்பிலும் மறுநுனியைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டுதான் அவள் வேலை பார்த்தாள். பள்ளியில் வருகைப் பதிவேட்டில் ஹுமாவின் பேர் இருந்தது. வாசிக்கிற கண் ஒவ்வொரு நாளும் அந்த வரியைத் தாண்டிப் போனது. எட்டாம் வகுப்பில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளை உள்ளே வைத்தே வகுப்பறையைப் பூட்டிவிட்டார்கள். அத்தா நைனா முகமதுதான் சாவிக்கொத்தோடு போய்த் திறந்து கூட்டிவந்தார். திங்கட்கிழமை அவள் போகவில்லை. ஏன் வரவில்லை என்று எந்த ஆளும் தேடி வரவில்லை. அவளை ஒருநாளும் மறக்காதவர் உலகத்தில் அத்தா ஒருவர்தான். அவளுடைய இடத்தில் இருந்ததாலோ என்னவோ, அவர் கண்ணுக்கு அவள் எப்போதும் பளிச்சென்று தெரிந்தாள்.

இதெல்லாம் எதனால் என்று சாதிகாவுக்குத் தெரியும். வாத்தியாரிடம் சொன்ன பதிலை ஷாகிரே ஒருநாள் சிரித்தபடி அவளிடம் சொல்லியிருந்தார். தாலுகா அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிடலாம் என்று நாலைந்து முறை புர்கா மாட்டிக்கொண்டு கிளம்பினாள். முன்னறையைக் கடக்கும்போது அரம் ராவுகிற சத்தம் கேட்கும். திரும்பி உள்ளே போய்ப் புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாள். பத்து வருடம் கழித்து வர வேண்டிய கணக்கெடுப்பு நோய்க்காலத்தில் வராமல் போனது. அந்தச் செய்தி கேட்ட அன்று சாதிகா நிம்மதியாகத் தூங்கினாள். ஹுமா தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

இந்த ஆண்டு மாசி மாதம் விளாங்குடியிலிருந்து ரம்யாஸ்ரீ என்ற பெண் வந்தாள். புதிய கணக்கெடுப்பு தொடங்கப்போகிறது என்பதால், போன முறை மக்களுக்கு என்ன அனுபவம் என்று கேட்டு எழுதுகிற ஆராய்ச்சி வேலை அவளுக்கு. இருபத்திரண்டு கேள்விகள், பதிவு செய்ய ஒரு போன். முதலில் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிக் கொட்டாம்பட்டிக்குப் போய், ஓய்வு பெற்றிருந்த சிவபாண்டி வாத்தியாரைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில், ஒரு வீட்டுக் கதவை மட்டும் தட்டாமல் வந்துவிட்டதாகவும், அந்தக் கதவு இன்னும் கனவில் வருவதாகவும், கனவில் தட்டினாலும் திறப்பதில்லை என்றும் சொன்னார். வீட்டு எண்ணையும் சொன்னார். சந்தில் பதினைந்தாம் எண் சுஃபியா, வாத்தியார் தன் வயதை இருபத்தாறு என்று எழுதியதாகச் சொன்னாள். "இந்தத் தடவ வர்றவுகள இருபத்தேழுன்னு எழுதச் சொல்லும்மா. அதுக்கு மேல ஏறாது," என்றாள். ஷாகிர் ஒரு டீயை ஆற்றிக்கொண்டே, பதினேழாம் எண்ணுக்குத் தானே பதில் சொல்லி அனுப்பியதைப் பெருமையாகச் சொன்னார். "வாத்தியாருக்கு அம்புட்டு நடை மிச்சம், தங்கச்சி."

ரம்யாஸ்ரீ பதினேழாம் எண்ணுக்குப் போனபோது மணி மூன்று. முன்னறையில் சாவி ராவிக்கொண்டிருந்தவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். ஹுமா கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வந்தவள் தன் பையை அவள் மடிமேலேயே வைத்தாள். பதினெட்டுக் கேள்விகளுக்குச் சாதிகா சாதாரணமாகப் பதில் சொன்னாள். பத்தொன்பதாவது கேள்வியை ரம்யாஸ்ரீ வாசித்தாள்: போன கணக்கெடுப்பில் உங்கள் வீட்டில் யாராவது விடுபட்டார்களா, அல்லது இல்லாத யாராவது சேர்க்கப்பட்டார்களா? பதினைந்து வருடத்தில் இதைச் சாதிகாவிடம் யாரும் கேட்டதில்லை. ஹுமா தன் மடியிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். முன்னறையில் அரம் நின்றது. நைனா முகமது நிலைப்படிக்கு வந்தார்.

"என் பேர எடுத்துரச் சொல்லு, புள்ள. போதும்," என்றார்.

சாதிகா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒரு பிள்ள விட்டுப்போச்சும்மா," என்றாள் ரம்யாஸ்ரீயிடம். "ஹுமா. எம் மக."

"சரிக்கா. அப்ப வீட்டுல மொத்தம் எத்தன பேரு?"

"ரெண்டு பேரு. அவுக, எம் மக. அம்புட்டுத்தான்."

"அப்ப நீங்கக்கா?"

"நான் எங்க போகப்போறேன்? இங்கனதான கெடப்பேன். நீ எழுது."

ரம்யாஸ்ரீ எழுதினாள். கேட்பது அரசாங்கமா ஆராய்ச்சிக்காரர்களா என்ற வித்தியாசம் அந்த வீட்டுக்குத் தெரியவில்லை. எழுதி நிமிர்ந்தபோது கட்டில் காலில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நீதான் ஹுமாவா, இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய் என்று ரம்யாஸ்ரீ கேட்டாள். அந்தப் பெண் தேம்பினாள். மீதிக் கேள்விகளுக்கு நைனா முகமது பதில் சொல்லி, கீழே கையெழுத்தும் போட்டார். பதிவைப் பிறகு கேட்டபோது அவர் குரல் தெளிவாக இருந்தது. அதற்கு முன் சாதிகா சொன்ன பத்தொன்பது பதில்களின் இடத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் இருந்தது.

மறுநாள் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஹுமாவைக் கூப்பிட்டு, பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டே போனாள். கோடை வெயில் ஏறிய மாதத்தில் ஒரு டுடோரியலில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குச் சேர்ந்தாள். அங்கே பேர் வாசித்தால் அவள் பேரும் வருகிறது. ஷாகிர் பதினேழாம் எண்ணுக்கு இரண்டு டீ அனுப்புகிறார், அத்தாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. சாதிகா காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர் அவளைத் தாண்டி அடுத்த ஆளிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறார். வேண்டியதைத் தானே பொறுக்கிக்கொண்டு, பணத்தைத் தட்டில் வைத்துவிட்டு வருகிறாள். சந்தில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. தாயில்லாத பிள்ளையை இறந்தவர் நன்றாகத்தான் வளர்த்திருக்கிறார் என்று சுஃபியா ஒருநாள் சொன்னாள்.

சாயங்காலம் ஹுமா முன்னறையில் அத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். சில நாள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "உள்ள யாருத்தா பாத்திரம் கழுவுறது?" என்று கேட்பாள்.

"உங்கம்மாதான்மா," என்பார் நைனா முகமது.

"ஆமால்ல," என்று அவள் எழுந்து போய், கழுவிய பாத்திரங்களை ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்து அடுக்குவாள்.