கடைசி மூன்று நிறங்கள்

அவள் தொடங்கிய கம்பெனியில் டைரக்டர் என்று ஒருவர் இருந்தார். அவளுடைய கணவர் என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு வேறு தகுதி கிடையாது. பதினோரு வருடமாக நாற்காலியைத் தேய்த்ததைத் தவிர ஒன்றும் கிழிக்கவில்லை.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கடையில் வாங்கிய முகப்பூச்சு எதைப் பூசினாலும் அவள் முகம் சாம்பல் அப்பியது போலிருந்தது. தன் நிறத்துக்குத் தானே கலக்கத் தொடங்கினாள். சமையலறை மேடையில் கலக்கியது இன்று நாற்பது பேர் வேலை செய்யும் தொழிற்சாலை. மொத்தம் பன்னிரண்டு நிறங்கள். கடைசி மூன்றும் நல்ல கறுப்புக்கு. தொழிலே அந்த மூன்றுக்காகத்தான்.

அன்று, நாடு முழுக்கக் கிளை வைத்திருந்த கடையோடு ஒப்பந்தம். அந்தக் கடையின் மேலாளர் கடைசி மூன்று டப்பாக்களை ஓரமாகத் தள்ளினார்.

“மத்த ஒன்பதையும் எடுத்துக்கிறோம் மேடம். இதெல்லாம் யார் வாங்குவாங்க?”

அவள் வாயைத் திறப்பதற்குள் டைரக்டர் முந்திக்கொண்டார். பன்னிரண்டாம் டப்பாவைத் திறந்து, விரலால் வழித்துத் தன் உள்ளங்கையில் தேய்த்தார்.

“பாருங்க சார், தார் மாதிரி இருக்கு. நான் அப்பவே சொன்னேன், இவ கேட்டாத்தானே!”

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எவ்வளவு கறுத்த ஆளுக்கும் உள்ளங்கை வெளுப்புதான். தாடையில் பூசிப் பார்க்க வேண்டும் என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்குக்கூடத் தெரியும். இந்த மகானுபாவருக்குத் தெரியவில்லை.

“இப்படித் திரும்புங்க” என்று டப்பாவைப் பிடுங்கி, அவர் கன்னத்திலிருந்து தாடை வரை இழுத்துப் பூசினாள்.

மேலாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். “எங்க பூசினீங்க?”

“பூசின இடம் தெரியாது சார். அதுதான் சரக்கு.”

“அடேயப்பா! சரி மேடம், பன்னிரண்டையும் வச்சிடலாம்.”

அவள் பேனாவைத் திறந்தாள். அதற்குள் டைரக்டர் கைக்குட்டையை எடுத்துக் கன்னத்தைப் பரபரவென்று தேய்க்கத் தொடங்கியிருந்தார்.

“ஐயோ, வேண்டாம் சார். நீங்க முதல்ல சொன்னதுதான் சரி. ஒன்பதே போதும். இவ சும்மா விளையாடுறா. இது என் கலரே இல்ல!”

தேடி வந்த ஆர்டரைத் திருப்பித் தருகிற முட்டாளை மேலாளர் அதிசயமாகப் பார்த்தார். அவளும் அதே நிறம்தான். இத்தனை வருடம் பக்கத்தில் படுத்தவர் அவளையும் இப்படித்தானே பார்த்திருப்பார்?

ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“பன்னிரண்டும் போகுது. கையெழுத்து நான் போட்டுக்கிறேன். நீங்க வெளியில போய்த் தேய்ங்க.”